வாம்பயர் கார்டு மேசையில் ரூல் குழம்பினால்: விளையாட்டை நிறுத்தாமல் தீர்க்கும் முழு வழி

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு மாடி வீடு, ஞாயிறு மதியம், ஐந்து பேர். என் மச்சான் எனக்கு இடப்பக்கம், அதாவது என் இரை, நான் தீர்த்துக்கட்ட வேண்டியவன். அவன் கையில் நான்கு பூல்தான் (pool, ஆளின் உயிர்ப் புள்ளி) மிச்சம். நான் ஒரு வாம்பயரை வைத்து ஒன்றுக்கு பிளீட் (பூலைக் குறைக்கும் தாக்குதல்) அடித்தேன். கையில் கண்டிஷனிங் என்ற கார்டு இருக்கிறது, டாமினேட் என்ற வாம்பயர் சக்தியின் மேல்நிலையில் அது பிளீடை மூன்று கூட்டும், ஆக மொத்தம் நான்கு, ஆள் காலி. ஆனால் அவன் பக்கம் லாக் ஆகாத (பயன்படுத்திப் பக்கவாட்டில் திருப்பப்படாத) டாமினேட் வாம்பயர் ஒன்று நிற்கிறது, பிளீடை வேறொருவர் மேல் திருப்பிவிடும் டிஃப்ளெக்ஷன் கார்டு வைத்திருப்பானோ என்று பயந்து நான் பேசாமல் இருந்தேன். "தடுக்கிறியா?" என்றேன். "இல்ல" என்றான். "சரி, ஒன்னு" என்றேன். அவனும் "ஒன்னுதானே, வாங்கிக்கிறேன்" என்று பூலுக்கு வைத்திருக்கும் மணியை எடுக்கக் கை நீட்டினான். அப்போது போட்டேன் கண்டிஷனிங்கை.

முக்கால் மணி நேரச் சண்டை. கீழே மாமாக் (mamak, இந்திய முஸ்லிம்) கடையிலிருந்து வாங்கி வந்த தே தாரிக் தேநீரில் ஆடை படிந்துவிட்டது. கடைசியில் ரூல் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி, நான் செய்தது தப்பு. அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. மேசையில் இருந்த மற்ற மூன்று பேரும் "செல்லாது" என்றுதான் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள், ஆனால் அவர்களில் இரண்டு பேர் ரூலைப் பார்த்துச் சொல்லவில்லை, தங்கள் பூலைப் பார்த்துச் சொன்னார்கள். மச்சான் போனால் எனக்கு ஒரு வெற்றிப் புள்ளியும் ஆறு பூலும் வரும். அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் ஆறு பூல் கொழுத்த என்னை நேராகச் சந்திக்க வேண்டும். எனக்கு வலப்பக்கம் இருந்தவர் என்னை வேட்டையாடுகிறவர், நான் கொழுப்பதில் அவருக்கு என்ன சந்தோஷம்?

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வாம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள், 1994இல் ஜைஹாட் என்ற பெயரில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து வந்தது, அடுத்த வருஷம் பெயர் மாறியது, 2010இல் அச்சு நின்றது, 2018இலிருந்து பிளாக் சாண்ட்ரி மறுபடி வெளியிடுகிறது. ஆளுக்கு 30 பூல், கையில் ஏழு கார்டு, இடப்பக்கம் இருப்பவரைத் தீர்த்துக்கட்ட வேண்டும், வலப்பக்கம் இருப்பவரிடமிருந்து தப்பிக்க வேண்டும். வழக்கமாக நான்கு அல்லது ஐந்து பேர். இதில் ரூல் சந்தேகம் வருவதற்குக் கார்டு கஷ்டமாக இருப்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, தீர்ப்பு சொல்லும் எல்லோருக்கும் அந்தத் தீர்ப்பில் பங்கு இருக்கிறது. அதனால் கீழே சொல்லும் வரிசை ரூலைக் கண்டுபிடிக்க மட்டுமில்லை, யார் வாயைத் திறக்கலாம் என்பதற்கும் சேர்த்துத்தான்.

ஆட்டம் தொடங்கும் முன்பே செய்ய வேண்டியவை

ரூல் புத்தகத்தை ஃபோனில் இறக்கி வையுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. எல்லார் ஃபோனிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எங்கள் மேசையில் ஒருவர் தொண்ணூறுகளில் வாங்கிய ஜைஹாட் கார்டுகளை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார். அதில் டேப் என்று இருக்கும், இப்போதைய கார்டில் லாக் என்று இருக்கும். இது பெயர் மாற்றம்தான், குழப்பம் இல்லை. ஆனால் சில பழைய கார்டுகளின் வாசகமே பின்னால் திருத்தப்பட்டிருக்கிறது. அச்சில் இருப்பது செல்லாது, இப்போது அதிகாரபூர்வமாக இருக்கும் வாசகம்தான் செல்லும். இதை ஆட்டத்தின் நடுவில் சொன்னால் ஏமாற்று வேலை மாதிரி தெரியும், முன்னாடியே சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்புறம், மணிகள். நாங்கள் ரத்தத்துக்கு ஆனைக்குண்டுமணி பயன்படுத்துகிறோம். சாகா மரத்தடியில் பொறுக்கியது, காசு இல்லை, நிறமும் அச்சு அசல் ரத்தம். ஆனால் வாம்பயர் மேல் இருக்கும் ரத்தமும் விளையாடுகிறவரின் பூலும் ஒரே சிவப்பு மணி என்பதால், தமிழில் பேசும்போது இரண்டையுமே "ரத்தம்" என்று சொல்லிவிடுவோம். "ரெண்டு ரத்தம் கட்டு" என்றால் யார் கட்டுவது, வாம்பயரா நானா? எங்கள் மேசையின் பாதிச் சண்டை இந்த ஒரு சொல்லால் வந்தது. இப்போது கட்டாயம்: ஆளுடையது பூல், வாம்பயருடையது ரத்தம், மாற்றிச் சொன்னால் உடனே திருத்துவோம். கார்டின் விலைச் சின்னத்தையும் பார்க்கப் பழகுங்கள், ரத்தத்துக்கு ஒரு சின்னம், பூலுக்கு வேறு சின்னம்.

படி ஒன்று: கையை எடு

யாராவது "பொறு" என்றால் எல்லோரும் கையை மடியில் வைக்க வேண்டும். முக்கியமாக, யாரும் கார்டு எடுக்கக் கூடாது. இந்த விளையாட்டில் ஒரு கார்டு போட்டால் உடனே நூலகத்திலிருந்து (நம் கார்டுக் கட்டு) இன்னொன்று எடுத்துக் கையை ஏழாக்குவோம், பழக்கத்தில் கை தானாகப் போகும். எடுத்துப் பார்த்த கார்டைப் பார்க்காததாக ஆக்க முடியாது, அதற்குப் பிறகு எதையும் பின்னோக்கிச் சுற்றினால் அவருக்கு லாபமாகவோ நஷ்டமாகவோ போய்விடும். ஏற்கெனவே எடுத்துவிட்டால், பார்க்காமல் கவிழ்த்து ஓரமாக வைக்கவும்.

அதன்பின் ஆட்டம் யாருடையதோ அவர் நிலையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இப்போது எந்தக் கட்டம் (அன்லாக், மாஸ்டர், மின்யன், இன்ஃப்ளுயன்ஸ், டிஸ்கார்ட், இந்த ஐந்தில் எது), எந்த மின்யன் (வாம்பயர் அல்லது கூட்டாளி) செயல்படுகிறது, யாரை நோக்கி, ஸ்டெல்த் (மறைந்து போகும் அளவு) எவ்வளவு, தடுக்க முயன்றவர் உண்டா, அவருடைய இன்டர்செப்ட் (தடுக்கும் அளவு) எவ்வளவு, இதுவரை யார் "இல்லை" என்று சொன்னார்கள். இதை வாய்விட்டுச் சொல்லும்போதே பாதித் தகராறு தானாக உதிர்ந்துவிடும், ஏனென்றால் இரண்டு பேரும் இரண்டு வேறு நிலைமையை மனசில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்திருப்பார்கள்.

படி இரண்டு: இது எந்த மாதிரிக் கேள்வி?

என் அனுபவத்தில் நான்குதான். கார்டு என்ன சொல்கிறது என்ற கேள்வி. யார் முதலில் என்ற கேள்வி. யாருக்கு உரிமை என்ற கேள்வி, அதாவது யார் தடுக்கலாம், யார் கட்டணும், புள்ளி யாருக்கு. கடைசியாக, கார்டும் புத்தகமும் வாய் திறக்காத இடம். நாலாவதுதான் உண்மையான தெளிவில்லாத ரூல், அது வருவது அபூர்வம். ஆனால் மேசையில் எல்லாச் சண்டையும் நாலாவது மாதிரியே ஆரம்பிக்கும். "இதுக்கு ரூலே இல்ல லா" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு உதாரணம். இரண்டு பேர் ஒரே பெயருள்ள தனித்துவமான வாம்பயரை இறக்கிவிட்டார்கள். புதியவர்கள் இதை மர்மமாகப் பார்ப்பார்கள், "யார் முதல்ல இறக்கினாங்களோ அவங்களுக்குத்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: இரண்டுமே கவிழ்ந்து ஆட்டத்துக்கு வெளியே போகும், விட்டுக்கொடுக்காதவர் ஒவ்வொரு அன்லாக் கட்டத்திலும் ஒரு பூல் கட்ட வேண்டும், யார் விட்டுக்கொடுக்கிறாரோ அவருடையது எரிந்துபோகும். முதலில் வந்தவர் என்ற பேச்சே இல்லை.

படி மூன்று: கார்டை அப்படியே படி, மொழிபெயர்க்காதே

கார்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, நாம் தமிழில் பேசுகிறோம், நடுவில் கொஞ்சம் மலாய். கார்டு போட்டவர் "இது என்ன பண்ணும்னா..." என்று தன் வார்த்தையில் சொல்லத் தொடங்கினால் நிறுத்துங்கள். அவர் தனக்குச் சாதகமாகச் சுருக்குவார், வேண்டுமென்று இல்லாவிட்டாலும். கார்டைப் போட்டவர் படிக்கக் கூடாது, வேறொருவர் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும், இது எங்கள் வழக்கம்.

கவனிக்க வேண்டிய சின்னச் சொற்கள் சில. மின்யன் என்றால் வாம்பயரும் கூட்டாளியும் (ally) சேர்த்து. வாம்பயர் என்று மட்டும் இருந்தால் கூட்டாளி அந்த கார்டைப் போட முடியாது. ரிடெய்னர் (மின்யனோடு சேர்ந்த உதவியாள்) மின்யனே இல்லை, தனியாக எதுவும் செய்யாது. "நீங்கள்" என்று கார்டு சொன்னால் அது மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான், வாம்பயரை இல்லை. "ரெடி" என்பது லாக் ஆகாதது என்று அர்த்தமில்லை, லாக் ஆன வாம்பயரும் டார்ப்பரில் (செயலற்ற மயக்க நிலை) விழாதவரை ரெடி தான். செய்யலாம் என்பதற்கும் செய்ய வேண்டும் என்பதற்கும் தமிழில் ஒரு விகுதிதான் வித்தியாசம், வேகமாகப் பேசும்போது அதுவும் தேய்ந்துவிடும்.

"கார்டும் ரூலும் முரண்பட்டால் கார்டு ஜெயிக்கும்" என்பது புத்தகத்தின் பொன் விதி. இதை எல்லோரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். முரண்பட்டால் மட்டும்தான். கார்டு ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் அங்கே பழைய ரூல் அப்படியே நிற்கிறது. "பிளீட் பண்ணக் கூடாதுன்னு கார்டில் போடலையே" என்பது வாதமில்லை, புத்தகத்தில் போட்டிருக்கிறதே. ஒரு மின்யன் எப்படியாவது மறுபடி அன்லாக் ஆனாலும் ஒரே சுற்றில் இரண்டாவது தடவை பிளீட் செய்ய முடியாது என்பது இப்படித்தான் வருகிறது, கார்டு மௌனமாக இருந்தால் ரூல் பேசும்.

படி நான்கு: யார் முதலில்

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். விளையாட்டின் ருசியே இதில்தான் இருக்கிறது, தப்பும் இதில்தான் நடக்கிறது.

ரூல் இதுதான். செயல்படுகிறவருக்கு எப்போதும் முதல் வாய்ப்பு, அவர் எத்தனை கார்டு வேண்டுமானாலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம். அவர் போதும் என்றதும் வாய்ப்பு எதிராளிக்கு, அதாவது செயலின் இலக்காக இருப்பவருக்குப் போகும், அவருக்குப் பிறகு மற்றவர்களுக்கு, கடிகார முள் சுற்றும் திசையில். நடுவில் யார் எதைப் போட்டாலும் வாய்ப்பு மறுபடி செயல்படுகிறவரிடமே திரும்பும். யாரும் எதுவும் போடாமல் ஒரு சுற்று முடிந்தால் அவ்வளவுதான், அந்தக் கட்டம் மூடிவிட்டது.

இப்போது என் கதைக்கு வாருங்கள். நான் "சரி, ஒன்னு" என்றேன், அதாவது நான் போதும் என்றேன். மச்சான் "வாங்கிக்கிறேன்" என்றான், அவனும் போதும் என்றான். மற்றவர்களும் ஒன்றும் போடவில்லை. கதவு சாத்திவிட்டது. மணி இன்னும் கைமாறவில்லை என்பது என் வாதம், அது வாதமே இல்லை.

இந்த ரூல் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று யோசித்தால் அழகு புரியும். முதலிலேயே கண்டிஷனிங் போட்டிருந்தால் பிளீட் நான்கு, அவனிடம் டிஃப்ளெக்ஷன் இருந்தால் அந்த நான்கும் வேறொருவர் தலையில் விழும், அதிலும் அவனுடைய இரை அதில் செத்தால் புள்ளியும் ஆறு பூலும் எனக்கு இல்லை, மச்சானுக்கு. காத்திருந்தால்? அவன் ஒன்றைத் திருப்பினால் ஒன்றுதான் போகும், வாய்ப்பு என்னிடம் திரும்பும், வேண்டுமானால் அப்போது கூட்டலாம், வேண்டாமென்றால் கண்டிஷனிங்கைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவனிடம் டிஃப்ளெக்ஷன் இல்லாவிட்டால் காத்திருந்ததற்கு நான் கொடுக்கும் விலை, அவன் தப்பிக்கிறான். அவன் பாஸ் சொன்னதைப் பார்த்துவிட்டுக் கூட்ட அனுமதித்தால் எனக்கு எந்த ஆபத்தும் இல்லாமல் போய்விடும், டிஃப்ளெக்ஷன் பயமே இல்லாத விளையாட்டு வேறு விளையாட்டு.

ஆகவே நடைமுறையில்: "சரி", "ம்", "அப்புறம்" மாதிரியான மழுப்பலான சொற்களை விடுங்கள். எங்கள் மேசையில் இப்போது "நான் முடிச்சிட்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அது வரும்வரை வாய்ப்பு அவரிடமே இருப்பதாக அர்த்தம். கொஞ்சம் சடங்கு மாதிரி இருக்கும், இரண்டு ஆட்டத்தில் பழகிவிடும்.

தடுப்பதில் இன்னும் இரண்டு. ஸ்டெல்த்தைத் தேவைப்படும்போதுதான் கூட்டலாம், அதாவது யாராவது தடுக்க முயன்று அவருடைய இன்டர்செப்ட் போதுமானதாக இருக்கும்போது. முன்னெச்சரிக்கையாக இரண்டு மூன்று ஸ்டெல்த் கார்டை இறக்கி வைத்துக் கையைச் சுழற்ற முடியாது. இன்டர்செப்டுக்கும் அப்படியே. ஸ்டெல்த் ஒன்று, இன்டர்செப்ட் ஒன்று என்றால் தடுத்தாகிவிட்டது, சமம் போதும். பிளீடுக்கு இயல்பான ஸ்டெல்த் பூஜ்யம் என்பதால், எந்தச் சாதாரண வாம்பயரும் எழுந்து நின்றாலே அதைத் தடுத்துவிடலாம், நீங்கள் ஏதாவது போடாவிட்டால். இன்னொன்று, இனித் தடுக்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது முடிவு, அடுத்தவர் முயன்றதைப் பார்த்து மனசு மாற முடியாது.

சண்டைக் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. தூரம், ஸ்ட்ரைக், சேதம், பிரஸ் என்று வரிசையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசை நடுவில் வைத்து, ஒரு மணியை ஒவ்வொரு வரியாக நகர்த்துங்கள். எங்களுக்குச் சண்டைத் தகராறு அதோடு நின்றது.

படி ஐந்து: யாருக்கு உரிமை

குறிப்பிட்ட ஒருவரை நோக்கிய செயலை அவர் மட்டும்தான் தடுக்கலாம். யாரையும் குறிக்காத செயலை, ஹன்ட் (ரத்தம் தேடுவது), எக்விப் (கருவி எடுப்பது) மாதிரி, உங்கள் இரையும் வேட்டைக்காரரும் தடுக்கலாம், எதிரே இருப்பவர் முடியாது. லாக் ஆன மின்யன் தடுக்கவும் முடியாது, ரியாக்ஷன் கார்டு போடவும் முடியாது, எழுப்பிவிடும் கார்டு ஏதாவது இருந்தாலொழிய. ஒருவர் பூல் பூஜ்யமானால், யார் அடித்தாலும், புள்ளி அவருடைய வேட்டைக்காரருக்கு. இதைத்தான் புதியவர்கள் கடைசிவரை ஏற்க மாட்டார்கள், "அடிச்சது நான் அண்ணே!" என்பார்கள். அடித்தது நீதான் தம்பி, புள்ளி அவருக்கு.

வாக்கெடுப்பிலும் இதே கதை. நிபந்தனையை, உதாரணமாகக் கைன் ரிசோர்சஸ் கன்டெஸ்டட் என்ற கார்டைப் போட்டால் பூலைக் குறைக்கும் நான்கு புள்ளியை யார் யாருக்கு எவ்வளவு என்று, வாக்கு எண்ணத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். வாக்கு சமமானால் தீர்மானம் தோற்றது. வாம்பயரின் பதவிக்கு ஏற்ப வாக்கு: பிரின்ஸுக்கு இரண்டு, ஜஸ்டிகாருக்கு மூன்று, பிரைமோஜனுக்கு ஒன்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன், வாக்குறுதி ரூல் இல்லை. "இந்தத் தடவை விடு, அடுத்த சுற்றில் உன்னைத் தொட மாட்டேன்" என்று பேசலாம், பேசியதை மீறவும் செய்யலாம், புத்தகம் அதைக் காப்பாற்றாது. மீறப்பட்டவர் அதை ரூல் தகராறாகக் கொண்டுவந்தால் பேச்சை அங்கேயே வெட்டுங்கள். கோபத்தை அடுத்த ஞாயிறு தீர்த்துக்கொள்ளட்டும்.

படி ஆறு: ஏற்கெனவே யாராவது கேட்டிருப்பார்கள்

முப்பது வருஷத்துக்கும் மேலான விளையாட்டு. உங்கள் சந்தேகத்தை வேறு யாராவது ஏற்கெனவே கேட்டு, விளையாட்டாளர் அமைப்பான வீகேஇஎன் பதிலும் சொல்லியிருக்கும். விடிபி (VDB) இணையதளத்தில் கார்டைத் தேடினால் இப்போதைய வாசகமும் அதைப் பற்றிய தீர்ப்புகளும் ஒன்றாக வரும். தேட ஒரே ஒருவர், அவருக்கு மூன்று நிமிடம், மற்றவர்கள் வாய் மூடிக்கொண்டு ரொட்டி சானாய் சாப்பிடலாம். பழைய பதில் கிடைத்தால் தேதியைப் பாருங்கள், கார்டின் வாசகம் அதற்குப் பிறகு மாறியிருந்தால் அந்தப் பதில் குப்பை.

படி ஏழு: ஒன்றும் கிடைக்காவிட்டால் நாற்காலியைப் பார்

இப்போதுதான் மேசைத் தீர்ப்பு. யார் சொல்வது? அதிகம் தெரிந்தவரா? எங்கள் மேசையில் அதிகம் தெரிந்தவர்தான் அதிகம் ஜெயிக்கிறவரும், அவர் வாயில் விடுவதாக இல்லை.

ஐந்து பேர் மேசையில் கணக்கு சுலபம். தகராறு எனக்கும் என் இரைக்கும் என்றால், என் வேட்டைக்காரர் எனக்குப் பக்கத்தில், என் இரையின் இரை அவனுக்குப் பக்கத்தில், இரண்டு பேருக்குமே நேரடிப் பங்கு உண்டு. மிச்சம் ஒரே ஒருவர், எங்கள் இருவருக்கும் பக்கத்தில் இல்லாதவர். அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அவருக்கும் ஏதோ ஒரு கணக்கு இருக்கும், ஆனாலும் இருப்பவர்களில் அவருக்குத்தான் குறைவு. பக்கத்தில் இல்லாத இருவருக்குள் தகராறு வந்தால் அவர்களுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பவர் தீர்ப்பு சொல்லக் கூடாது, அவர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டவர். எதிர்ப்பக்கத்து இருவரில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.

நான்கு பேர் மேசையில் அப்படி யாருமே இல்லை, ஒவ்வொருவரும் யாராவது ஒருவருக்குப் பக்கத்து ஆள்தான். அங்கே நாங்கள் கார்டு சொல்வதைக் குறைவாக எடுத்துக்கொள்வது என்று வைத்திருக்கிறோம். இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால், மேசையில் குறைவாக மாற்றம் வரும் படிப்பு. கார்டு போட்டவருக்கு இது சற்று அநியாயம், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எந்தக் கார்டைப் போடுவது என்று தேர்ந்தெடுத்தவர் அவர்தானே.

தீர்ப்பு சொன்னதும் அந்த ஆட்டத்துக்கு அது முடிவு. இரவு வீட்டுக்குப் போய் சரியான பதில் கிடைத்தாலும் ஆட்டத்தின் முடிவு மாறாது.

எவ்வளவு தூரம் பின்னால் போகலாம்

தப்பு தெரிந்தபோது யாரும் புதிய கார்டு பார்க்கவில்லை, வேறு யாரும் அதை நம்பி எதையும் செய்யவில்லை என்றால் திருப்பிவிடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். ரத்தம் பூஜ்யமான வாம்பயர் கட்டாயம் ஹன்ட் போயிருக்க வேண்டும், போகாமல் பிளீட் அடித்தது, இரண்டு பேர் சுற்று தாண்டித்தான் கண்டுபிடித்தீர்கள் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். பாதி மட்டும் திருப்புவது, "அந்த ஒரு பூலை மட்டும் கொடு" என்பது, எல்லாவற்றையும்விட மோசம்.

போட்டியில் என்றால் இந்த வழிகாட்டியில் பாதி தேவையில்லை. கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுங்கள், அவர் சொல்வதுதான் கடைசி. சுற்றுக்கு இரண்டு மணி நேரம், அதற்குள் முடியாவிட்டால் உயிரோடு இருப்பவர்களுக்கு ஆளுக்கு அரைப் புள்ளி. அதனால் நேரத்தைத் தின்பதும் ஒரு தந்திரமாகிவிடக் கூடும், நடுவர் அதையும் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களுக்கு அந்தக் கடிகாரத்தின் வேலையைப் பட்டர்வொர்த் ஃபெரி செய்கிறது, அக்கரையிலிருந்து வரும் இரண்டு பேர் நேரம் பார்த்து எழுந்துவிடுவார்கள்.

நோட்டுப் புத்தகம்

ஒரு இருபது பக்க நோட்டு போதும். கார்டின் பெயர், எந்தக் கட்டம், கேள்வி ஒரு வரியில், மேசை என்ன சொன்னது, எந்த நாற்காலி சொன்னது. வலப்பக்கம் காலியாக விடுங்கள், பின்னால் புத்தகத்திலோ தளத்திலோ சரியான பதில் கிடைத்ததும் அங்கே எழுதி, தப்பான தீர்ப்பை ஒரு கோடு போட்டு அடியுங்கள். கிழிக்க வேண்டாம், அடித்தது தெரிய வேண்டும். அடுத்த தடவை அதே கேள்வி வரும்போது யாரும் "போன தடவை இப்படித்தானே விளையாடினோம்" என்று புளுக முடியாது. எங்கள் நோட்டில் முதல் பக்கத்து முதல் வரி கண்டிஷனிங், அதற்குப் பக்கத்தில் என் வாதத்தை மச்சான் தன் கையாலேயே எழுதி, அவனே அடித்தும் வைத்திருக்கிறான், இரண்டு கோடு.